டுரியான் தோப்பும் மூன்றாவது ராஜாவும்

என் அக்காள் புருஷன் கஸ்பாருக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. தட்டில் சோற்றுக்கும் கறிக்கும் நடுவே இடம் தெரிந்தால் அங்கே ஓர் அப்பளத்தை நொறுக்கிப் போடுவார். சுவரில் ஆணி இருந்தால் அதில் ஏதாவது தொங்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அரசாங்கம் பார்த்துப் பார்த்து ஒரு வேலை கொடுத்திருந்தது. ஈப்போ சர்வே ஆபீசில் நிலப்படம் வரைகிற வேலை. மலாயாவில் பேராக் மாநிலத்துக் காடும் மேடும் வெள்ளைத் துணியில் வெறும் கோடுகளாக அவர் மேசைக்கு வரும். அவர் கையை விட்டுப் போகும்போது அதில் பெயர் எழுதாத இடம் விரற்கடை அளவுகூட இருக்காது.

கணுக்கால் நனையாத ஓடைக்கும் அவருக்குப் பெயர் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவனைப் பிடித்து நிறுத்திக் கேட்பார். ஜெலாப்பாங் பக்கத்தில் ஒருத்தன், இவர் தொல்லை தாங்காமல், தன் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்றும், அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் அரசாங்கப் படத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் ஆபீசில் ஒரு கதை உண்டு. கதை கட்டியது நான்தான். ஆனால் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன்.

நான் அதே ஆபீசின் பின்கட்டில் நீலப்படம் எடுக்கிறவன். மச்சான் மெழுகுத் துணியில் வரைந்த படத்தை மருந்து பூசிய காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால், நீலத்தில் வெள்ளைக் கோடாகப் படம் விழும். தைப்பிங்கில் இந்த வேலை பார்க்கிறவன் பாதி வருஷம் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். ஈப்போ வெயிலில் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் பெயர் சவரிநாதன். கல்யாணம் ஆகாதவன் என்பதால் அக்காள் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை எல்லாம். ஆகவே மச்சானை ஆபீசிலும் பார்க்கலாம், வீட்டிலும் பார்க்கலாம். இப்படி ஒரு மனிதரை இரண்டு பக்கமும் பார்ப்பது உடம்புக்கு நல்லதல்ல, ஆனால் பொழுது போகும்.

அவருடைய எழுத்து அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அச்சில் வார்த்ததைப்போல் இருக்கும். அதைவிட அழகு, அவர் எழுதி முடித்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து அதைப் பார்க்கிற பார்வை. பெற்ற பிள்ளையை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

பெயர் என்றால் உயிரை விடுகிற இந்த மனிதருக்கு வாய்த்தவள் என் அக்காள் கத்தரின். அவள் இவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "என்னங்க" அல்லது "பெட்ரீசியா அப்பா." பெட்ரீசியா பிறப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவதோடு சரி. பூசைக்குப் போகிற வீடுதான், ஞானஸ்நானப் பெயர்தான், அதனால் என்ன? புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்றால் சொல்வதில்லை. இதில் பெரிய சிக்கல் ஒவ்வொரு ஜனவரியிலும் வரும். குழந்தை யேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று குடிலில் பொம்மைகளை வைக்கும்போது மச்சான் வேண்டுமென்றே விருந்தாளிகள் முன்னால், "கத்தரின், இந்த மூணு ராஜாங்க பேரு என்னா?" என்று கேட்பார். அக்காள் அசராமல், "மெல்கியோர், பல்தசார், அப்புறம் கூட வந்தவங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மூன்றாவது ராஜாவின் பெயரும் கஸ்பார்தான், மச்சானுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வாசல் நிலைக்கு மேலே அந்த மூன்று ராஜாக்களின் படத்தையும் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருந்தார்.

கித்தா என்று நாங்கள் சொல்கிற ரப்பர் விலை ஏறிக் கிடந்த வருஷம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. பீடோருக்கு மேலே மலையடிவாரத்தில் இருந்த வெள்ளைப்பாலத் தோட்டத்துக்காரர்கள், இன்னும் கொஞ்சம் காடு கொடுங்கள், கித்தா நடுகிறோம் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட காட்டில் ஆதிகுடிகளான செமாய் மக்கள் இருந்தார்கள். ஆபீசில் அவர்களுக்கு வேறொரு பெயர் வழங்கிவந்தது. அது அவர்களுக்குப் பிடிக்காத பெயர், நான் எழுதப்போவதில்லை. அவர்கள் வேலி போட்டு நிலத்தை வைத்துக்கொள்கிறவர்கள் அல்ல. அங்கே மரத்துக்குத்தான் உரிமை. இந்த டுரியான் பழமரம் இன்னாருடையது, அந்தப் பெத்தாய் மரம் இன்னாருடையது என்று தகப்பன் காலத்திலிருந்து தெரிந்து வைத்திருப்பார்கள். மண் எல்லோருக்கும் பொது.

நில அதிகாரி துரை ஓர் ஏற்பாடு செய்தார். மரந்தோறும் உடையவன் பெயரைக் கேட்டுப் படத்தில் குறிக்க வேண்டும். பெயர் உள்ள மரங்கள் அவர்களுக்கே. பெயர் இல்லாத மரங்கள் இருக்கிற இடம் தோட்டத்துக்குப் போகும், வெட்டிவிட்டுக் கித்தா நடலாம். பெயர் கேட்டு எழுத வேண்டுமென்றால் ஆபீசில் யாரை அனுப்புவார்கள்? மச்சான் தொப்பியைத் தூசி தட்டினார். ஆள் குறைச்சல் என்று என்னையும் கருவிப் பெட்டியோடு கூட அனுப்பினார்கள்.

மலையில் மச்சானின் நடையே மாறிவிட்டது. அட்டை கடித்த காலோடு மரம் மரமாகப் போய், "இனி சியாப்பா பூன்யா?" என்று மலாயில் கேட்பார். இது யாருடையது என்று அர்த்தம். பெயர் வந்தால் எழுதுவார். அளவுச் சங்கிலி பிடிக்கிற கூலிகள் பள்ளத்திலிருந்து "கஸ்பார் ஐயா, கஸ்பார் ஐயா" என்று கூவிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் "கஸ்பார், கஸ்பார்" என்று கத்தின. மச்சான் அதட்டிப் பார்த்தார். அப்புறம் அதுவும் பிடித்துப்போய்விட்டது.

நாங்கள் ஆற்றோரத் தோப்புக்குப் போன நாளில் ஆண்கள் பிரம்பு விற்கப் பீடோருக்கு இறங்கிவிட்டார்கள். மரங்களைக் காட்ட வந்தவள் வா இத்தாம் என்கிற அம்மாள். நடுத்தலை நரைத்தவள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். மேட்டில் இருந்த மரங்களுக்கெல்லாம் கடகடவென்று பெயர் சொல்லிவந்தாள். ஆற்றோரத்தில் இருந்தது பெரிய தோப்பு. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத டுரியான் மரங்கள். அங்கே வந்ததும் "அடா ஓராங்" என்றாள். ஆள் இருக்கிறது என்று பொருள். யார் அந்த ஆள் என்று மச்சான் கேட்டார். கீழே ஒரு குடிசையைத் தாடையால் காட்டினாள். பெயர் என்ன என்று கேட்டதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே நடந்துவிட்டாள்.

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மா வெளையாடுது. ஆளிருந்தா பேரு இருக்கும்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

ஈப்போவுக்கு வந்து படம் தீட்டினார். காட்டுக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம், மரங்களுக்குச் சின்னச் சின்ன வட்டம், வட்டத்தின் பக்கத்தில் பெயர். ஆற்றோரத் தோப்பு வெறுமையாக நின்றது. வெறுமையாக விடுகிற வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே. அந்த இடம் முழுக்க நீட்டி, "உரிமையாளர் எவருமில்லை" என்று இங்கிலீஷில் எழுதினார். அந்தப் படத்திலேயே அழகான எழுத்து அதுதான். சர்வே துரை வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். தலைமைப் படவரைவாளர் இடம் காலியாகப்போகிறது என்று பேச்சு இருந்தது. மச்சான் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார், அக்காளுக்குச் சொன்னார், பெட்ரீசியாவுக்கும் சொன்னார். அவளுக்கு அப்போது பால்பல் விழும் வயசு.

இந்த நேரத்தில்தான் எங்கள் கோயிலுக்குப் புதுச் சுவாமியார் வந்தார். பிரான்சிலிருந்து வந்து இறங்கியவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைத் தெரிந்துகொள்வது நல்ல பழக்கம்தான். உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்குப் பார்த்து உபதேசியாருக்குக் காய்ச்சல். நாங்கள் இருவரும் ஆபீசில். சுவாமியார் அக்காளிடம் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்.

அக்காள் பெட்ரீசியா அப்பா என்றாள். அது சரி, அவர் பெயர் என்ன என்றார். அக்காள் தலையைக் குனிந்துகொண்டு வாசல் நிலைக்கு மேலே இருந்த ராஜாக்கள் படத்தைக் கைகாட்டினாள். சுவாமியார் அவள் கை மேலே போனதைப் பார்த்தார், அவள் முகம் தாழ்ந்ததைப் பார்த்தார். படத்தைப் பார்க்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, கண்கலங்கிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கம் முடிந்ததும் மன்றாட்டு. "நம்முடைய விதவைச் சகோதரி கத்தரினம்மாளுக்காகவும், அவளை விட்டுப் பரலோகம் சேர்ந்த அவள் புருஷனுடைய ஆத்துமத்துக்காகவும் மன்றாடுவோமாக" என்றார் சுவாமியார். ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த மச்சான், எல்லா மன்றாட்டுக்கும் முதலில் சொல்கிறவர் ஆயிற்றே, கோயில் அதிர "ஆமென்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எனக்குப் பூசை முடிகிற வரையில் தலை நிமிரவில்லை, துக்கத்தினால் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். அக்காள் என்னிடம் நியாயம் கேட்டாள். "நான் என்னா தம்பி செய்றது, ராஜா படத்தக் காட்டுனேன். அவரு சிலுவ போட்டுக்கிட்டாரு. பக்தியான சாமியாருன்னு நெனச்சேன்."

"ஊரே கைகொட்டிச் சிரிக்குது" என்றார் மச்சான். "நீ வாயத் தொறந்து பேரச் சொல்லலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா? நான் இங்க நிக்கல? பேரு சொல்லலன்னா ஆளு இல்லையா?"

கையை ஓங்கி மேசையில் தட்டப்போனவர் தட்டவில்லை. கை அப்படியே நின்றது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான்," என்றார் என்னைப் பார்த்து, "அந்த ஆத்தோரத் தோப்புல, அந்த அம்மா ஏன் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சிச்சி?"

அக்காளுக்கு விஷயம் தெரியாது, சொன்னோம். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவுங்களுக்குச் சொல்லக் கூடாத ஆளா இருக்கும்" என்றாள். "இதக் கேக்கவா அவ்ளோ தூரம் போனீங்க?"

மறுநாள் மச்சான் பீடோர் பஸ்ஸில் ஏறிப்போய், மலையிலிருந்து சந்தைக்கு வருகிற ஆட்களைப் பிடித்து விசாரித்தார். அக்காள் சொன்னது சரி. அந்தத் தோப்பு பா பூசு என்பவனுடையது. அவன் தகப்பன் வழி வந்த மரங்கள். பா பூசு அந்த வா இத்தாமின் மருமகன். அங்கே மாமியார் மருமகன் பெயரைச் சொல்லமாட்டாள், மருமகன் மாமியார் பெயரைச் சொல்லமாட்டான். நேருக்கு நேர் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள், ஒரே பாயில் உட்காரவும் மாட்டார்கள். அது மரியாதை. குடும்பமே அந்த மரங்களை நம்பித்தான் இருந்தது. பழம் விழுகிற மாதங்களில் அதை விற்றுத்தான் உப்பும் துணியும் வாங்குவார்கள். அந்தத் தோப்பைத்தான் மச்சான் தன் அழகான கையெழுத்தினால் தோட்டத்துக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

அவர் சர்வே துரையிடம் போய் உள்ளதைச் சொன்னார். இதை நான் மெச்சத்தான் வேண்டும். படம் கையெழுத்தாகி நில அதிகாரியிடம் போய்விட்டது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது, தலைமை இடமும் கைக்கு வந்திருக்கும். துரை கத்தின கத்தில் பின்கட்டில் என் காகிதங்கள் பறந்தன. முதுகில் தட்டின அதே துரைதான்.

நில அதிகாரி துரை வேறு மாதிரி ஆள். கத்தமாட்டார், நம்பவும் மாட்டார். எல்லைக்கல் நட எப்படியும் மலைக்கு வரப்போகிறேன், அங்கே விசாரிக்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. மரம் தன்னுடையது என்று பா பூசு சொன்னால் அது சாட்சி ஆகாது, யாரும் தனக்குத்தான் என்பான். இப்போது புதிதாக நாலு பேரைக் கூட்டிவந்து சொல்லவைப்பதும் செல்லாது. முன்பு பெயர் சொல்லாத அதே பெண்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மாற்றுகிறேன், சொல்லாவிட்டால் அன்றைக்கே கல் நட்டுவிடுவேன் என்றார்.

மச்சான் ஆட்டம் கண்டுவிட்டார். சொல்லமாட்டாள் என்று தெரிந்தவளிடம் சொல்லக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அக்காள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நானும் வாரேன், போலாம்" என்றாள். காடு, அட்டை, ஏற்றம் என்று மச்சான் அடுக்கினார். பெட்ரீசியாவைப் பக்கத்து வீட்டு மங்களத்திடம் விட்டுவிட்டு அக்காள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

விசாரணை அந்தத் தோப்பிலேயே நடந்தது. பெரிய டுரியான் ஒன்றின் அடியில் நில அதிகாரி துரைக்கு மடக்கு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் தோட்டத்து மானேஜர், கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு. கொஞ்சம் தள்ளிக் கூலிகள் எல்லைக்கற்களை இறக்கி வைத்து, மண்வெட்டியோடு நின்றார்கள். வா இத்தாம் பாயில் உட்கார்ந்திருந்தாள். பா பூசு வந்திருந்தான். மாமியார் இருக்கிற இடம் என்பதால் வெகுதூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றான். தன் தகப்பன் மரத்துக்கு அவனால் திரும்பி நின்று வாதாட முடியவில்லை.

துரை கேட்டார், எழுத்துவேலை பார்க்கிற மலாய்க்காரக் கிராணி விளக்கமாகச் சொன்னார். இந்த மரங்கள் யாருடையவை, பெயர் சொல்ல வேண்டும், சொன்னால்தான் மரம் நிற்கும். வா இத்தாம் இப்போது சிரிக்கவில்லை. "அடா ஓராங்" என்றாள், போன தடவையைப் போலவே. பெயர் என்றார் துரை. அவள் பாயைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. சொன்னால் மரியாதை போகும், சொல்லாவிட்டால் மகள் வீட்டுச் சோறு போகும். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துரை கூலிகளைப் பார்த்தார். ஒருவன் மண்வெட்டியைத் தூக்கினான்.

அக்காள் போய்ப் பாயில் வா இத்தாமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மச்சானே திகைத்துப்போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய இடம் வந்தால், பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள், இவள் தலையை ஆட்டுவாள். ஆஸ்பத்திரியில் அக்காளுக்கு மங்களம்தான் எப்போதும் சொல்வது. அக்காள் தன் சந்தைக்கடை மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த மரம் பா பூசுவோடதா?" என்று கேட்டாள்.

வா இத்தாம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெரிதாகத் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு மரமாகக் கைகாட்டி ஆட்டிக்கொண்டே வந்தாள்.

மானேஜர் எழுந்துவிட்டார். இதெல்லாம் சாட்சியா, வாயில் பெயரைப் போட்டுத் தலையாட்ட வைத்தால் நானும் ஆட்டுவேன் என்றார். துரைக்கும் அது சரியாகப் பட்டது. யார் இந்தப் பெண் என்று அக்காளைக் காட்டிக் கேட்டார். என் மனைவி என்றார் மச்சான். அப்படியானால் அவளும் சாட்சிதான், விவரம் எழுத வேண்டும் என்று துரை பேனாவை எடுத்துக்கொண்டு அக்காள் பக்கம் திரும்பினார். அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டார்.

அக்காள் பாயைப் பார்த்தாள்.

துரை திரும்பவும் கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. இங்கே யார் கேட்கப்போகிறார்கள், சொல்லித் தொலையேன் என்று எனக்குத் தோன்றியது. மச்சானுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ராஜாக்கள் படத்தைக் காட்டலாம் என்றால் அதுவும் ஈப்போவில் இருந்தது.

வா இத்தாம் இவள் முகத்தைக் குனிந்து பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அவளுக்குப் பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. மச்சானைத் தாடையால் காட்டி, அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் கத்தினதைப்போலவே, "கஸ்பார்" என்றாள்.

அக்காள் தலையை ஆட்டினாள்.

துரை பேனாவை நிறுத்தினார். இந்த இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரித்தார் என்று சொன்னால் அது பொய், அந்த முகத்துக்கு அது பழக்கமில்லை. பிறகு மானேஜரைப் பார்த்து, "அந்தத் தலையாட்டல் செல்லாதென்றால், என் படவரைவாளருக்குக் கல்யாணமும் ஆகவில்லை என்று நான் எழுத வேண்டும்" என்றார். கூலிகளிடம் கற்களைத் தூக்கச் சொன்னார். ஆற்றோரத் தோப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கல் நடச் சொன்னார். மானேஜர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பா பூசு இன்னும் ஆற்றைப் பார்த்தபடியே நின்றான். மச்சான் அவனிடம் நடந்துபோய்ச் சொன்னார். அவன் திரும்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அன்றைக்கு அந்தத் தோப்பில் எல்லோருக்கும் தலையாட்டல் பழகிவிட்டது.

படத்தைத் திருத்துகிற வேலை மச்சானுக்கு வந்தது. மெழுகுத் துணியில் மையை அழிப்பதென்றால் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டின இடம் சொரசொரப்பாகிவிடும், அதன்மேல் எழுதினால் மை ஊறும். "உரிமையாளர் எவருமில்லை" என்று நீட்டி எழுதினதைச் சுரண்ட அவருக்கு ஒரு காலை முழுக்கப் பிடித்தது. ஒவ்வோர் எழுத்து போகும்போதும் பெருமூச்சு விட்டார். அதே இடத்தில் பா பூசு என்று எழுதினார். மை கசிந்து, எழுத்து தடித்து, வாழ்நாளில் அவர் எழுதின படுமோசமான எழுத்து அதுதான். நான் அதை வெயிலில் காட்டி நீலப்படம் எடுத்தேன். மற்ற பெயரெல்லாம் மெல்லிசாக விழுந்திருக்க, பா பூசு மட்டும் கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் கொட்டையாக விழுந்திருந்தான். மச்சான் தலையைப் பின்னால் சாய்த்து அதைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பிரதியை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

தலைமை இடம் தைப்பிங்கிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. மச்சான் அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருஷம் புலம்பினார், எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தைச் சொல்லி ஒருநாளும் புலம்பவில்லை. புதுச் சுவாமியாருக்கும் விஷயம் விளங்கியது. மச்சான் உயிரோடு இருப்பதைப் பீடத்திலிருந்தே அறிவித்தார். அதற்கும் மச்சான்தான் முதலில் ஆமென் சொன்னார்.

மறு ஜனவரி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, பீடோர் பஸ்காரன் ஒரு கோணியை வாசலில் உருட்டிவிட்டுப் போனான். முழுக்க டுரியான். வீடு முழுக்க வாசம். அனுப்பினவர் யார் என்று மங்களம் கேட்டாள். ஆள் இருக்கு என்றாள் அக்காள். பெட்ரீசியா குடிலில் பொம்மைகளை வைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் நிறையப்பேர் வந்திருந்தார்கள். மச்சானுக்கு வாய் சும்மா இருக்குமா.

"கத்தரின், இந்த மூணு ராஜாங்க பேரு என்னா?"

அக்காள் டுரியானைப் பிளந்துகொண்டிருந்த பாராங் கத்தியைக் கீழே வைத்தாள். "மெல்கியோர், பல்தசார்" என்றாள். பிறகு மச்சானை நேராகப் பார்த்து, "மூணாவது யாருன்னு மலையில ஒரு அம்மாவுக்குத் தெரியும். போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.